காலில் சக்கரம்

வணக்கம்.

உங்கள் பயணக் கட்டுரைகளை வெகுநாளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. எனக்கு 54 வயது. சின்ன வயதிலிருந்தே ஊர் சுற்றுவதென்றால் உயிர். பள்ளி நாட்களில் அட்லஸை மடியில் வைத்துக்கொண்டு, பெயர் பிடித்த ஊர்களையெல்லாம் பென்சிலால் வட்டம் போடுவேன். வேலைக்குப் போன பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் எங்காவது கிளம்பியிருக்கிறேன். பையை எடுத்து வைத்தால் போதும், உடம்பில் இருக்கிற வலியெல்லாம் எங்கே போகிறதென்றே தெரியாது.

வீட்டில் வேறு யாருக்கும் இது கிடையாது. என் அண்ணனும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அவர் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வெளியூரில் தங்கமாட்டார். என் கணவர் நல்ல மனிதர், ஆனால் 'உனக்கு இது ஒரு வியாதி' என்பார். சமீபத்தில் மகள் ஒரு செய்தியைக் காட்டினாள். ஊர் சுற்றும் ஆசைக்கென்றே ஒரு மரபணு இருக்கிறதாம். அப்படியானால் இது ரத்தத்தில் வருவதா? இல்லை, நான் எதிலிருந்தோ தப்பி ஓடிக்கொண்டிருக்கிறேனா? பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். இனி தனியாகவே நீண்ட பயணங்கள் போகலாமென்று தோன்றுகிறது. இந்த வயதில் இது அசட்டுத்தனமோ என்ற கூச்சமும் இருக்கிறது.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் மகள் காட்டிய செய்தியை முதலில் பார்த்துவிடுவோம். அது அவ்வப்போது புதிதுபோலச் சுற்றுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒன்றை உருவாக்கும் மரபணுவுக்கு டிஆர்டி4 என்று பெயர். அதில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். பலருக்கு நான்கு முறை, சிலருக்கு ஏழு முறை. 1999இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 39 மக்கள்கூட்டங்களை ஒப்பிட்டு, எந்தக் கூட்டத்தின் முன்னோர் அதிக தூரம் இடம்பெயர்ந்தார்களோ அந்தக் கூட்டத்தில் இந்த நீண்ட வடிவம் அதிகமாக இருக்கிறது என்றார்கள். 'ஊர்சுற்றி மரபணு' என்ற பேச்சுக்கு இதுதான் பெரிய ஆதாரம். 2008இல் கென்யாவின் அரியால் மக்களைப் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. கால்நடைகளோடு அலைந்து திரிகிறவர்களில் ஏழு முறை வடிவம் உள்ள ஆண்கள் மற்றவர்களைவிட உடல் தேறி இருந்தார்கள். அதே இனத்தில் ஓரிடத்தில் குடியேறிவிட்டவர்களிடம் நிலைமை தலைகீழ். அந்த வடிவம் உள்ளவர்கள்தான் மெலிந்திருந்தார்கள்.

சுவாரஸ்யமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது கூட்டங்களைப் பற்றிய கணக்கு. பல ஆயிரம் ஆண்டுகளில் இரையையும் நீரையும் தேடி நகர்ந்த மனிதர்களைப் பற்றியது. ஒரு சிறுமி ஏன் அட்லஸில் வட்டம் போட்டாள் என்பதற்கு அதில் பதில் இல்லை. கிழக்காசியாவில் இந்த ஏழு முறை வடிவம் மிக மிக அரிது. அங்கேதான் யுவான் சுவாங் பிறந்தார். நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்ற அரச தடையை மீறி ரகசியமாகக் கிளம்பியவர், பாலைவனத்தையும் பனிமலைகளையும் கடந்துபோய், 645இல்தான் ஊர் திரும்பினார். அவரை விரட்டியது, கையிலிருந்த பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டது. மூலத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்று போனவர். இதை எந்த மரபணுவில் தேடுவது?

அதற்காக உடம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். வலசை போகும் பறவைகளைக் கூண்டில் வைத்தால், பருவம் வந்ததும் அவற்றுக்கு இரவில் இருப்புக்கொள்ளாது. 1960களில் அமெரிக்காவில் எம்லன் என்ற ஆய்வாளர் இதைப் பதிவுசெய்ய ஒரு கூண்டு செய்தார். புனல் மாதிரி மேலே விரிந்த கூண்டு. அடியில் ஒரு மைத்திண்டு, சுற்றுச்சுவர் முழுக்க மை ஒற்றும் தாள். மையில் நிற்கும் பறவை துள்ளும், சரிவில் கால் வைக்கும், வழுக்கித் திரும்பவும் மைக்கே வரும். காலையில் தாளைப் பிரித்தால் அது எந்தத் திசைக்குப் போக நினைத்ததோ அந்தப் பக்கம் மட்டும் கன்னங்கரேலென்று கால்தடம். ஒருமுறைகூட வலசை போயிராத, கையில் வளர்த்த பறவைகளிலும் இந்தத் துடிப்பைப் பார்த்திருக்கிறார்கள். பெற்றோரிடமிருந்து பழகியது அல்ல.

நமக்குள்ளும் அந்த மாதிரி ஏதோ ஒன்று கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஆனால் பறவைக்குத் திசை உண்டு, பருவம் உண்டு. உங்களுக்கு எந்த மாதமானாலும் சரி, எந்தத் திசையானாலும் சரி.

வியாதி என்ற சொல்லை உங்கள் கணவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அப்படி நிஜமாகவே ஒரு நோயாளி இருந்தார். 1886இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவமனையில் 26 வயது இளைஞர் ஒருவர் படுக்கையில் அழுதுகொண்டிருந்தார். பெயர் ஆல்பர்ட் தாதா, எரிவாயு நிறுவனத் தொழிலாளி. நெடுந்தூரம் நடந்து களைத்து வந்திருந்தார். அழுதது களைப்பினால் அல்ல. கிளம்பவேண்டும் என்ற வேகம் வந்துவிட்டால் தன்னால் தன்னைத் தடுக்க முடியவில்லையே என்று அழுதார். யாராவது ஓர் ஊரின் பெயரைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவருக்கு நினைவு வரும்போது அந்த ஊரில் நின்றுகொண்டிருப்பார், எப்படி வந்தோம் என்று தெரியாது. காகிதங்களைத் தொலைத்து, நாடோடி என்று பிடிபட்டு, சிறையில் கிடந்திருக்கிறார். மாஸ்கோ வரைக்கும் போயிருக்கிறார். தீசியே என்ற மருத்துவர் இவரை வைத்தே 1887இல் தன் ஆய்வேட்டை எழுதினார். அதற்குப் பிறகு இதேபோன்ற 'நோயாளிகள்' பிரான்சில் வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். மருத்துவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் நோயாளிகளுக்குப் பஞ்சம் வராது என்பது என் அபிப்பிராயம்.

இவருக்கு நேர் எதிர்முனையில் இருக்கிறவர் இம்மானுவேல் காண்ட். தன் ஊரான கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தைத் தாண்டிப் போகாத ஜெர்மானியத் தத்துவவாதி. ஆனால் சுமார் 40 ஆண்டுகள் மாணவர்களுக்குப் புவியியல் நடத்தினார். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை அவர் அங்குலம் அங்குலமாக விவரித்ததைக் கேட்ட ஓர் ஆங்கிலேயர், நீங்கள் லண்டனில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று விசாரித்ததாக ஒரு கதை உண்டு. பயணக் குறிப்புகளை வாசித்தே உலகத்தைச் சேர்த்து வைத்திருந்தார்.

தாதாவுக்குக் கால் நிற்காது, ஆனால் எப்படிப் போனார் என்பதுகூட அவர் நினைவில் இல்லை. காண்டுக்கு உலகத்தின் மீது தீராத ஆர்வம், கால் மட்டும் நகராது. நாம் பயண ஆசை என்று ஒரே பெயரில் சொல்வது இந்த இரண்டும் கூடியது. முதலாவதை வேண்டுமானால் உடம்பின் கணக்கில் எழுதலாம். இரண்டாவது வெளியிலிருந்துதான் வருகிறது, பெரும்பாலும் ஒரு ஆள் மூலமாக. போய்விட்டுத் திரும்பி வந்த யாரோ ஒருவர், நாம் இன்னும் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, நம் காதுபட ஏதோ சொல்லிவிடுகிறார். நான் சொல்ல வந்தது இதுதான்.

இந்திப் பயண எழுத்தாளர் ராகுல் சாங்கிருத்யாயனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வளர்ந்தது தாய்வழித் தாத்தா வீட்டில். தாத்தா பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன் சிறுவயதிலேயே வீட்டை விட்டு ஓடினான், பிறகு திபெத்துக்கே நான்கு முறை போனான். ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் கிழவயதில், வெப்பமண்டல நாடுகளைப் பார்க்கும் ஆசை தனக்கு எப்படி வந்தது என்று பட்டியல் போட்டிருக்கிறார். கேப்டன் குக்கோடு போய்வந்த கேயார்க் ஃபோர்ஸ்டர் எழுதிய தென்கடல் தீவு வர்ணனைகள். லண்டனில் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கங்கைக்கரை ஓவியங்கள். அப்புறம், பெர்லின் தாவரவியல் தோட்டத்தின் பழைய கோபுரம் ஒன்றுக்குள் நின்றிருந்த ஒரு பிரம்மாண்டமான டிராகன் மரம். மூன்றுமே யாரோ போய்க் கொண்டுவந்து சேர்த்தவை. 1799இல் கப்பலேறியதும் வழியில் டெனெரீஃப் தீவில் இறங்கி, அதே இனத்து மரத்தை அதன் சொந்த மண்ணில் பார்த்தார்.

நம் சங்கப் பாடல்களில் ஆற்றுப்படை இதைத்தானே செய்கிறது? பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசு வாங்கித் திரும்பும் கலைஞன் எதிரே வரும் ஏழைக் கலைஞனை நிறுத்தி வழி சொல்கிறான். வள்ளலின் புகழை விட எனக்கு அதில் பிடித்தது வழியைப் பற்றிய எச்சரிக்கைகள். மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்த பொறிகளைப் பார்த்து நட என்கிறான், பாம்பு இருக்கும் பள்ளங்களைச் சொல்கிறான், தினைப்புனக் காவலர்கள் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் எங்கே வந்து விழும் என்கிறான். போனவனுக்கு மட்டுமே தெரியும் சங்கதிகள். கேட்கிறவனுக்குப் பயம் வரவேண்டும், ஆனால் கால் அந்தப் பக்கமாகத் திரும்பிவிடுகிறது.

என் விஷயத்தில் அது லாரி ஓட்டிய ஒரு சித்தப்பா. அவர் அருவி, கோபுரம் எதையும் வர்ணித்ததில்லை. எந்தப் பாலத்தில் வண்டி ஒருபக்கமாக இழுக்கும், எந்தச் செக்போஸ்ட்டில் இரவு முழுக்க நிற்கவேண்டியிருக்கும், எந்த ஊர் பஞ்சர் கடைக்காரர் ஒற்றைக் கையாலேயே டயரைக் கழற்றி மாட்டுவார் என்பார். அந்த ஒற்றைக்கைக்காரரை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் எந்த ஊர்ப் பஞ்சர் கடையைக் கடந்தாலும் என் கண் உள்ளே போய்விடுகிறது. என் அக்காவும் அதே திண்ணையில் உட்கார்ந்து அதே கதைகளைக் கேட்டவர்தான். அவருக்கு ஞாபகம் இருப்பது சித்தப்பா வாங்கி வந்த பொம்மை மட்டும். உங்கள் அண்ணனுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். கேட்டுப் பாருங்கள். அவரைத் திருத்தவேண்டியதில்லை. வீட்டில் இருப்பதை ரசிக்கத் தெரிந்தவர்கள் ஒன்றும் குறைபட்டவர்கள் இல்லை.

அந்த அட்லஸ் யார் வாங்கிக் கொடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் யாருக்கும் இந்த ஆசை இல்லை என்கிறீர்கள். யாரும் பயணம் போனதில்லை என்பது சரி. ஆசை இல்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ யாராவது கேட்டார்களா?

தப்பி ஓடுகிறேனா என்ற கேள்வி. ஓரளவு ஓடுகிறீர்கள்தான், அதில் தப்பென்ன? ஹம்போல்ட் தான் வளர்ந்த மாளிகைக்குச் 'சலிப்புக் கோட்டை' என்று பெயர் வைத்திருந்தார். 1796இல் தாயார் இறந்து சொத்து கைக்கு வந்த பிறகுதான் அவரால் அரசு வேலையை உதறிவிட்டுக் கிளம்ப முடிந்தது. சலிப்பிலிருந்து ஓடினார் என்றும் சொல்லலாம், மரத்தைத் தேடிப் போனார் என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மை. ஓட்டம் மட்டுமே என்றால் போன இடத்தில் மூன்றாவது நாளே அது தெரிந்துவிடும் என்பது நான் கண்டது. புதுமை வடிந்து, அங்கேயும் ஒரு வரிசையும் ஒரு எரிச்சலும் ஒரு செவ்வாய்க்கிழமையும் இருப்பது தெரியவரும் நாள் அது. ஓடி வந்தவர் அடுத்த ஊருக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்குவார். மற்றவர் அந்தச் செவ்வாய்க்கிழமையை வேடிக்கை பார்ப்பார், யார் எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறார்கள், கொடியில் துணியை எப்படிக் காயப்போடுகிறார்கள் என்று.

வீட்டு ஞாபகம் வருவதை வைத்தும் உங்களைச் சந்தேகித்துக்கொள்ளாதீர்கள். இபின் பதூதா 1325இல் தன் 21ஆம் வயதில் மொராக்கோவின் டாஞ்சியரிலிருந்து கிளம்பினார். தூனிஸ் நகரத்துக்குள் நுழைந்தபோது கூட வந்தவர்களையெல்லாம் தெரிந்தவர்கள் வந்து நலம் விசாரித்தார்கள், தனக்கு அங்கே ஒரு ஆளும் இல்லை என்று நடுவீதியில் அழுதேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பரிதாபப்பட்ட யாத்ரீகர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தாராம். அவ்வளவு அழுத மனிதர் ஊர் திரும்ப இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

கடைசியாக வயது. ஐடா ஃபைஃபர் என்ற பெண்மணியை உங்களுக்குத் தெரிந்திருக்காவிட்டால் தேடிப் படியுங்கள். 1797இல் வியன்னாவில் பிறந்தவர். சிறுவயதில் அப்பா இவரைப் பையன்களுக்குச் சமமாக, பையன் உடையிலேயே வளர்த்தார். அப்பா போன பிறகு பாவாடை, பியானோ, கல்யாணம். குடும்பத்தில் பணக்கஷ்டம் வந்தது, இரண்டு மகன்களை ஆளாக்கினார். 1842இல், 44 வயதில், உயில் எழுதி வைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினார். அந்தக் காலத்து 44, நினைவிருக்கட்டும். அதன்பிறகு உலகத்தை இரண்டு முறை சுற்றினார். பெர்லின் புவியியல் சங்கம் இவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. லண்டன் சங்கம் பெண் என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை.

முதல் பயணத்தின்போது வீட்டாரிடம் கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கும் தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னார். போய்ச் சேர்ந்தது ஜெருசலேம். பொய்யை நான் சிபாரிசு செய்யவில்லை, அதுவும் நல்ல மனிதர் என்று நீங்களே சான்றிதழ் கொடுத்திருக்கும் கணவரிடம். அவரை வற்புறுத்திக் கூட அழைத்துப்போவதையும் சிபாரிசு செய்யமாட்டேன். முதலில் ஒரு வாரம் தனியாகப் போய்விட்டு வாருங்கள். வந்ததும் அவரிடம் அருவியையும் கோபுரத்தையும் பற்றிச் சொல்லாமல், அங்கே நீங்கள் பார்த்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் மறுகேள்வி ஏதாவது கேட்கிறாரா என்று பார்ப்போம்.