பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு): யாருக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்காகக் குருட்டாம்போக்கில் தேர்வு செய்ய வேண்டியதும் இல்லை.

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டுதல், மருந்தைவிட முதலில் பரிந்துரைப்பது மூன்று பேச்சுச் சிகிச்சைகளை. பயந்து ஒதுக்கும் நினைவுகளையும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்வது எக்ஸ்போஷர். சம்பவம் பற்றிய நம்பிக்கைகளைக் கேள்வி கேட்பது சிபிடி (CPT). கண்ணை அசைத்தபடி நினைவைக் கையாள்வது இஎம்டிஆர்.

முதல் இரண்டையும் 916 படைவீரர்களிடம் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. எக்ஸ்போஷர் ஒரு நூல் முன்னால் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேர் சிகிச்சையை முடிக்கவே இல்லை! அதனால் ஒருவரால் எதைக் கடைசிவரை தொடர முடியும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

"என்னால்தான் அவன் செத்தான்" என்ற குற்ற உணர்வு அரிக்கிறதா? சிபிடியை யோசிக்கலாம். விபத்துக்குப் பின் வண்டியைத் தொடவே பயமா? எக்ஸ்போஷர். நடந்ததை விவரமாகச் சொல்லவோ வீட்டுப்பாடம் செய்யவோ முடியாதவருக்கு இஎம்டிஆர் எளிதாக இருக்கலாம். போர், இடப்பெயர்வு என்று அடுக்கடுக்காகப் பட்டவர்களுக்கு, வாழ்க்கையை வரிசையாகச் சொல்லவைக்கும் நெட் (NET) என்ற முறை உண்டு. இலங்கையின் வடகிழக்கில் தமிழ்க் குழந்தைகளிடமும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இவை விதிகள் அல்ல. சில வாரங்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் முறையை மாற்றக் கேளுங்கள். அப்புறம், தற்கொலை எண்ணம் இருந்தால் எந்தச் சிகிச்சை என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.