கஷ்டகாலத்தில் என்னைத் தாங்கிய இரண்டு குறள்கள்

'துன்பத்திலும் விடாமல் முயல வைக்கும் குட்டிக் கவிதை ஏதாவது சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். புதுக்கவிதை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஏழே சீரில் முடிகிற குறள்தான் தெரியும்.

2016, 2018, 2019 என மூன்று முறை குரூப் 4 அரசு வேலைத் தேர்வு எழுதினேன். மூன்றிலும் வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் 'இடுக்கண் வருங்கால் நகுக' என்பார்கள். எரிச்சலாக வரும். (பரிமேலழகர் அதற்கு 'உள் மகிழ்க' என்றுதான் உரை எழுதினார், பல்லைக் காட்டச் சொல்லவில்லை.)

எனக்குக் கைகொடுத்தது 619-ஆவது குறள்:

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்.

மேடைகளில் இதற்கு 'முயன்றால் வெல்லலாம்' என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். குறளில் வெற்றி என்ற சொல்லே கிடையாது. நினைத்தது கைகூடாமல் போகலாம் என்று முதலடியிலேயே ஒப்புக்கொள்கிறார் வள்ளுவர். அப்புறம் அவர் தருவதாகச் சொல்வது கூலி, அதாவது உடம்பு பட்ட பாட்டுக்கு உண்டானது. கரும்பு வெட்டப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும்: விளைச்சல் யாருடையதோ, வெட்டிய கூலி நம்முடையது. எனக்கு வந்த கூலி, அந்த வருடங்களில் போட்டுப் போட்டுப் பழகிய கணக்கு. இப்போது ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறேன், சாயந்திரம் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன்.

அடுத்த குறளிலேயே 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்று விதியையும் ஓட ஓட விரட்டுகிறார். இதே மனிதர்தான் 380-இல் 'ஊழிற் பெருவலி யாவுள', விதியைவிட வலியது எது, என்று கேட்டவர். பட்டிமன்றக்காரர்களுக்கு நல்ல தீனி. எனக்கு 619 போதும்.

இன்னொன்று 624:

மடுத்தவா யெல்லாம் பகடன்னான் உற்ற
இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து.

பகடு என்றால் எருது. தடைப்பட்ட இடத்திலெல்லாம் வண்டியை இழுத்துக்கொண்டு போகும் எருதைப் போன்றவனிடம் வந்து மாட்டிய துன்பம், தானே துன்பப்படும். பரிமேலழகர் உரையில் அந்த எருது விலாவை அழுத்தியும் மூக்கை ஊன்றியும் கால் தவழ்ந்தும் இழுக்கிறது. வர்ணனைக்காக எழுதியது என்று தோன்றலாம். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டினார். நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது, மழை விட்ட ஒரு நாள், வாய்க்காலைத் தாண்டுகிற இடத்தில் ஒரு சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. அப்பா சாட்டையை என் கையில் கொடுத்துவிட்டுச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். வலப்பக்கத்து மாடு முன்னங்கால் இரண்டையும் மண்டியிட்டு, மூக்கு சேற்றில் பட, அப்படியே தவழ்ந்து இழுத்தது. வண்டி மேடேறியதும் அப்பா முதலில் பார்த்தது அதன் முழங்காலைத்தான். தோல் உரிந்திருந்தது. ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது, எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. ராத்திரி முழுக்க வண்டிக்கு அடியிலேயே சாக்கை விரித்துப் படுத்திருந்தோம். மாடு இரண்டும் கரும்புச் சோகையை மென்றுகொண்டிருந்தன.