மேற்குப் பார்த்த அறைக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டால் வெக்கை குறையுமா?

பழைய மர ஜன்னல்களை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி பொருத்திய யூபிவிசி ஜன்னல்களைப் போட்டால் சென்னையில் ஏசி செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதும் மேற்கு வெயில் அடிக்கும் அடுக்குமாடி வீடு என்றே எடுத்துக்கொள்கிறேன். செலவு குறையும், ஆனால் எத்தனை கண்ணாடி என்பதை விட, எந்தக் கண்ணாடி என்பதுதான் முக்கியம்.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. படுக்கையறை மேற்குப் பக்கம். ஜன்னல் மாற்றலாம் என்று விசாரித்தபோது, விற்பனையாளர் ஒருவர் மாதிரிப் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். உள்ளே சூடேற்றும் விளக்கு ஒன்று, ஒரு பக்கம் சாதாரணக் கண்ணாடி, மறுபக்கம் இரட்டைக் கண்ணாடி. இரண்டின் பின்னாலும் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வித்தியாசம் தெரிந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நீட்டிய தாளில் யு மதிப்பும், வெளிச்சத்தம் எத்தனை டெசிபல் குறையும் என்பதும் இருந்தனவே தவிர, எஸ்.எச்.ஜி.சி. என்ற எண் எங்குமே இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் ஆபீஸ் பில்டிங்குக்குத்தான் சார்" என்றார். அந்தப் பதில் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் மேற்குப் பார்த்த வீட்டுக்கு முதலில் பார்க்கவேண்டிய எண்ணே அதுதான்.

யு மதிப்பு என்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வெப்பநிலை வித்தியாசத்துக்கும், ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியே எத்தனை வாட் சூடு கடத்தப்படுகிறது என்பது. எஸ்.எச்.ஜி.சி. என்பது கண்ணாடி மேல் விழும் வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பது. வெளியே 38 டிகிரி, அறைக்குள் 25 டிகிரி என்றால், சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு சுமார் 5.7 என்பதால், கடத்தலால் வருவது சதுர மீட்டருக்கு 75 வாட் அளவே. அதையே 2.8 உள்ள இரட்டைக் கண்ணாடியாக மாற்றினால் பாதி மிச்சமாகும். ஆனால் மாலை நான்கு மணிக்கு அதே சதுர மீட்டரில் 500 வாட் வெயில் நேராக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: எஸ்.எச்.ஜி.சி. 0.8 உள்ள சாதாரணக் கண்ணாடி 400 வாட்டை உள்ளே விடும். பூச்சு இல்லாத இரட்டைக் கண்ணாடி 0.7 அளவில் 350 வாட்டை விடும். வெயிலைத் தடுக்கும் லோ-ஈ என்ற மெல்லிய உலோகப் பூச்சு உள்ள, 0.3 அளவிலான கண்ணாடி 150 வாட்டோடு நிறுத்தும். வெளிநாட்டில் எல்லோரும் யு மதிப்பைத்தானே பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்கக்கூடும். டொராண்டோவின் குளிர்காலத்தில் வீட்டுச் சூடு வெளியே போகாமல் காப்பதுதான் கவலை. அங்கே அது சரி.

இரண்டாவது, திறக்கும் பரப்பு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களுக்குத் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்கவேண்டும் என்கிறது. அது வீடு முழுவதற்குமான கணக்கு என்றாலும், 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி என்று உத்தேசமாகக் கொள்ளலாம். நாலுக்கு ஐந்து அடி ஜன்னலில் ஸ்லைடிங் போட்டால் பாதிதான் திறக்கும். மாலையில் வீசும் கடற்காற்றுக்கு அப்படிப் பாதி வழியை அடைத்துவிட்டு அந்த நேரத்திலும் ஏசியை ஓட்டுவதில் என்ன சிக்கனம் இருக்கிறது? ஆகவே கீல் வைத்து முழுதாகத் திறக்கும் ஜன்னலையே கேட்டு வாங்கினேன்.

மேற்கு அறைக்கு மட்டும் எஸ்.எச்.ஜி.சி. குறைந்த இரட்டைக் கண்ணாடி போட்டோம். மற்ற அறைகளின் தேக்கு ஜன்னல்களை எடுக்கவே இல்லை. இடுக்கு தெரிந்த இடங்களில் ரப்பர் பீடிங் மட்டும் ஒட்டினோம். தெற்கு ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடே போதும். மேற்கில் சாயும் வெயில் அதன் அடியில் நுழைந்துவிடுவதால்தான் அங்கே இவ்வளவு பாடு. இப்போது மாலையில் ஜன்னலோரத் தரை காலைச் சுடுவதில்லை. ஏசியைத் தாமதமாகத்தான் போடுகிறோம். கரண்ட் பில் இத்தனை ரூபாய் குறைந்தது என்று சொல்லமாட்டேன்; ஒரே பில்லில் ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்தே ஓடுகின்றன.

உண்மையில் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிப்பதுதான் மிகச் சிறந்தது, செலவும் குறைவு. வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்ட அனுமதி கேட்டேன். கட்டடத்தின் முகப்பு கெடும் என்று குடியிருப்போர் சங்கம் மறுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஏசியின் வெளிப்பெட்டி தொங்கும் அதே முகப்புதான் அது. உங்கள் சங்கம் சம்மதித்தால் தட்டியைக் கட்டி ஒரு கோடையைப் பார்த்துவிட்டுப் பிறகு ஜன்னலுக்குச் செலவழியுங்கள்.

ஜன்னலே மாற்றுவதென்றால், எஸ்.எச்.ஜி.சி. எண்ணை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பொருத்திய அன்று இருட்டியதும், வெளிப்பக்கமிருந்து கண்ணாடி அருகே தீக்குச்சி ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியில், பரப்புக்கு ஒன்றாகச் சுடரின் பிம்பம் நான்கு தெரியும். அவற்றில் நிறம் மாறித் தெரிவதுதான் பூச்சு இருக்கும் பரப்பு. நம் ஊர் வெயிலுக்கு அது வெளியிலிருந்து இரண்டாவதாக இருக்கவேண்டும். மூன்றாவதாக இருந்தால், குளிர் நாட்டுக்குப் போடும் முறையில் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்; மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே திருப்பிப் பொருத்தச் சொல்லுங்கள்.