கட்டைவிரல் எந்தப் பக்கம்? உடலின் நிலை, அசைவு: கேள்வி-பதில்

அனாடமி புத்தகத்தின் முதல் படத்தில் ஒருவர் உள்ளங்கையை முன்னால் காட்டியபடி நிற்கிறார். யாரும் அப்படி நிற்பதில்லையே, எதற்கு இது? (நர்சிங் முதலாண்டு மாணவி)

இந்த ஒன்று புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. முழங்கையை மடக்கி, பிரசாதம் வாங்குவதுபோல் கையை நீட்டுங்கள். இன்னொரு கையால் அந்த முன்கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உள்ளங்கையைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே ஏதோ உருள்வது விரலுக்குத் தெரியும். அதுதான் ரேடியஸ், கட்டைவிரல் பக்கத்து எலும்பு. பிரசாத நிலையில் அது, சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னாவுக்கு இணையாக இருந்தது. கவிழ்த்ததும் அல்னாவின் மேல் குறுக்கே வந்துவிட்டது. கவிழ்ப்பது ப்ரொனேஷன், மறுபடி நிமிர்த்துவது சுபினேஷன்.

இப்போது கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது? உடலைப் பார்த்து உள்ளே வந்திருக்கும். கை திரும்பத் திரும்ப ‘உள்பக்கம்’, ‘வெளிப்பக்கம்’ மாறிக்கொண்டே இருந்தால் ஒருவர் எழுதிய குறிப்பை இன்னொருவர் எப்படி நம்புவது? அதனால்தான் நிமிர்ந்து நின்று, உள்ளங்கை முன்னால் பார்க்கும் ஒரே நிலையை எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். உடலின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது மீடியல், விலகியது லேட்டரல். நோயாளி கையை எப்படி வைத்திருந்தாலும், நாம் நாடி பிடிக்கும் இடம் மணிக்கட்டின் லேட்டரல் பக்கம்தான்.

சுபைன், ப்ரோன் எப்போதும் மாறிப்போகிறது.

தமிழில் யோசியுங்கள். மல்லாந்து படுத்தால் சுபைன், குப்புறப் படுத்தால் ப்ரோன். ‘குழந்தை குப்புற விழுந்துவிட்டது’ என்று வீட்டில் மகிழ்ச்சியாகச் சொல்கிறோமே, அது சுபைனிலிருந்து ப்ரோனுக்குத் திரும்பியது.

நெஞ்சு எக்ஸ்ரேயில் அப்பாவின் இதயம் வலப்பக்கம் இருப்பதுபோல் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

அவர் உங்களுக்கு எதிரே நிற்பதாக நினைத்துப் பாருங்கள். அவருடைய இடது உங்களுக்கு வலது. படத்தை அப்படித்தான் மாட்டுவார்கள். மருத்துவத்தில் இடம், வலம் எல்லாம் நோயாளியுடையது, பார்ப்பவருடையது அல்ல. படத்தின் ஓரத்தில் பக்கத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும், முதலில் அதைப் பார்க்கப் பழகுங்கள். எந்தச் சந்தேகம் இருந்தாலும் படத்தோடு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்டக்ஷன், அடக்ஷன் காதில் ஒன்றாகவே விழுகிறது. விரல்களில் இன்னும் குழப்பம். (பிசியோதெரபி மாணவர்)

காதில் ஒன்றாக விழுவதால்தான் பல ஆசிரியர்கள் ‘ஏபி-டக்ஷன்’, ‘ஏடி-டக்ஷன்’ என்று எழுத்தைப் பிரித்துச் சொல்கிறார்கள். நீங்களும் வார்டில் அப்படியே சொல்லுங்கள், தப்பே இல்லை. கையைப் பக்கவாட்டில் தூக்கி உடலை விட்டு விலக்கினால் அப்டக்ஷன். திரும்பச் சேர்த்தால் அடக்ஷன்.

விரல்களுக்கு மட்டும் உடலின் நடுக்கோட்டை மறந்துவிடுங்கள். கையில் நடுவிரல்தான் மையம், அதை விட்டு விரிந்தால் அப்டக்ஷன். பாதத்தில் மையம் பெருவிரலுக்கு அடுத்த இரண்டாம் விரல். அப்புறம், கட்டைவிரல் தனி ரகம்: மேசையில் புறங்கையை வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராகத் தூக்கினால் அதுதான் அதன் அப்டக்ஷன்.

முழங்கை முன்னால் மடங்குகிறது, முழங்கால் பின்னால் மடங்குகிறது. இரண்டுமே ஃப்ளெக்ஷன் என்றால் எப்படி?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. பதில் கருவறையில் இருக்கிறது. கரு வளரும் ஆரம்ப வாரங்களில் கையும் காலும் பக்கவாட்டில் முளைக்கும் மொட்டுகள். சுமார் 8 வாரத்துக்குள் கை வெளிப்பக்கமாகவும் கால் உள்பக்கமாகவும் ஏறக்குறைய 90 டிகிரி திரும்பிவிடுகின்றன. எதிரெதிராகத் திரும்பியதால் முழங்கை பின்னாலும் முழங்கால் முன்னாலும் பார்க்கின்றன. அதனால்தான் கட்டைவிரல் லேட்டரல் பக்கத்திலும், காலின் பெருவிரல் மீடியல் பக்கத்திலும் இருக்கின்றன. மூட்டு மடங்கிக் கோணம் சுருங்குவது இரண்டிலும் ஒன்றுதான், அதனால் இரண்டும் ஃப்ளெக்ஷன்.

பிசியோதெரபிஸ்ட் டார்சிஃப்ளெக்ஷன் செய்யச் சொன்னார். பாதத்தை எந்தப் பக்கம் அசைக்க வேண்டும்?

விரல்களை முகத்தை நோக்கி மேலே இழுங்கள். பரணில் இருக்கும் டப்பாவை எட்ட நுனிக்காலில் நிற்கிறீர்களே, அது எதிர்த்திசை: ப்ளான்டார் ஃப்ளெக்ஷன்.