மெத்தடோன் குடிக்கும் நண்பன்: வடசென்னை வாசகர் கேள்விகள்

கேள்வி: என் நண்பன் மீன்பிடித் துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறான். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றும் பழக்கத்தை விடுவதற்காக மெத்தடோன் சிரப் குடிக்கத் தொடங்கி ஆறு நாள் ஆகிறது. விடியற்காலையில் ‘டோஸ் பத்தலை, உடம்பு முறுக்குது’ என்கிறான். மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறான். எதை நம்புவது?
– வாசகர், காசிமேடு

பதில்: இரண்டையும் நம்புங்கள். மெத்தடோன் என்பது ஊசிப் போதைக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் தினமும் குடிக்கும், மெதுவாகத் தீரும் அபின் வகை மருந்து. குடித்த சில மணி நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும்போது தூக்கம், அடுத்த டோஸுக்கு முன் இறங்கும்போது முறுக்கல். உடம்பில் உள்ள மெத்தடோன் பாதியாகக் குறையவே பெரும்பாலோருக்கு ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் ஆகும். நேற்றைய மருந்து தீர்வதற்குள் இன்றைய மருந்து மேலே சேர்கிறது. அதனால் அளவைக் கூட்டாவிட்டாலும் ஐந்து முதல் ஏழு நாள் வரை ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டே போகும். மருத்துவர் 20, 30 மி.கி.யில் தொடங்கி, சில நாள் விட்டு விட்டு 5 அல்லது 10 மி.கி. மட்டும் கூட்டுவது இதற்காகத்தான். பலருக்கு 60 முதல் 120 மி.கி.க்குள் நிலைக்கும், அங்கே போய்ச் சேர வாரக்கணக்காகும். சிரப்பை மில்லியில் அளப்பதால் இன்னொரு குழப்பமும் வரும். ஒரு மி.லி.யில் 5 மி.கி. என்றால், 60 மி.கி. என்பது 12 மி.லி. மெத்தடோன் கொடுக்கும் சிகிச்சை மையத்தில் பேசும்போது மி.கி. கணக்கிலேயே பேசுங்கள்.

‘பத்தலை’ என்ற இந்த நாட்களில்தான் உங்கள் துணை அதிகம் தேவை. குறையை நிரப்ப ஒரு குவார்ட்டரோ, தூக்க மாத்திரையோ, பழைய வலி மாத்திரையோ உள்ளே போனால் மூச்சு அடங்கிவிடும். முதல் இரண்டு வாரம்தான் உயிருக்கு ஆபத்து மிகுந்த காலம். குடித்த இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். ஆனால் மூச்சை மெதுவாக்கும் வேலை அதற்கும் பிந்தி வந்து வெகுநேரம் நிற்கும். ஆகவே பகலில் தெளிவாக இருந்தான் என்று இரவில் தனியே படுக்க விடாதீர்கள்.

வழக்கமில்லாத கரகரத்த குறட்டை, தட்டி எழுப்பியும் எழாமை, உதடு நீலம் பூத்தல், நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நின்றுபோயிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். மோர், காபி, முகத்தில் தண்ணீர் எல்லாம் வீண். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். மருத்துவமனையில் மெத்தடோனின் வேலையை முறிக்கும் நலாக்ஸோன் ஊசி போட்டதும் எழுந்து ‘வீட்டுக்குப் போலாம்’ என்பான். போகவிடாதீர்கள். அந்த ஊசியின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மெத்தடோன் உள்ளேயே இருக்கும்.

ஒரு துண்டுச் சீட்டில் நேரத்தோடு எழுதி மையத்தில் கொடுங்கள்: எத்தனை மணிக்குக் குடித்தான், எப்போது தூங்கி வழிந்தான், எப்போது மூக்கு ஒழுகி, கொட்டாவி வந்து, மயிர்க்கூச்செறிந்தது. குடித்த மூன்றாம் மணியில் தூங்கி விழுகிறவனுக்கு, விடியற்காலை வலிக்கிறது என்பதற்காக மட்டும் டோஸ் கூட்ட மாட்டார்கள். அந்தச் சீட்டு இல்லையென்றால் மருத்துவருக்குத் தெரிவது வலி மட்டும்தான். தூக்கம் தெளியும் வரை பைக்கும் வேண்டாம், படகும் வேண்டாம்.

கேள்வி: நண்பர் மூன்று மாதமாக மெத்தடோன் குடிக்கிறார். நான்கு நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது. வியர்வையில் சட்டை நனைகிறது. இசப்கோல் கொடுக்கலாமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: இசப்கோல் வேண்டாம். இங்கே குடலின் அசைவே மந்தமாகியிருக்கிறது. உமி உள்ளே போய் ஊதி அடைத்துக்கொள்ளும். குடலை அசைக்கும் சென்னா அல்லது பிசாகோடில், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ், இவற்றில் ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். தூக்கக் கலக்கம் நாளாக ஆகக் குறையும், மலச்சிக்கல் குறையாது. சிகிச்சை நடக்கும் வரை மலமிளக்கியும் தொடர வேண்டியிருக்கும். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் நேரே மருத்துவமனைதான்.

வியர்வையோடு கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு இருந்தால் டோஸ் போதவில்லை என்று பொருள். வெறும் வியர்வை என்றால் மருந்தின் வேலை. நம் ஊர் வெயிலில் தண்ணீரும் உப்பும் போதுமான அளவு கொடுங்கள். வாய் உலர்வதால் பல் சொத்தையாகும். சிரப் குடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை தூக்கலான டீயைக் குறைத்தால் நல்லது. மயக்கம், படபடப்பு வந்தால் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். மெத்தடோன் இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளியை (துடித்த இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம், ஈ.சி.ஜி.யில் தெரியும்) நீட்டக்கூடியது, 500 மில்லி செகண்டைத் தாண்டினால் ஆபத்து.

கேள்வி: டி.பி. மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாளிலிருந்து நண்பன் மெத்தடோன் ‘வேலை செய்யவே இல்லை’ என்கிறான். நடிக்கிறானா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நடிப்பில்லை. சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் ரிஃபாம்பிசின்தான் காரணம். கல்லீரலைத் தூண்டி மெத்தடோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். டி.பி. மருந்தை நிறுத்தவே கூடாது. மெத்தடோன் டோஸைக் கூட்ட வேண்டும், சிலருக்கு இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும். இரண்டு இடத்து மருத்துவர்களுக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். பலரும் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில். டி.பி. மருந்து முடிந்த இரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பும். கூட்டிய டோஸ் அப்படியே நின்றால் அளவு மீறிவிடும். டி.பி. மருந்து முடியும் தேதியை மையத்தில் இப்போதே எழுதி வையுங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும்.

அடிபட்டு வேறெங்காவது போனாலும் மெத்தடோன் குடிப்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். அங்கே பென்டசோசின் வலி ஊசி போட்டுவிட்டால் நிமிடங்களில் ‘டர்க்கி’, அதாவது போதை மருந்து நின்றதும் வரும் உடல் முறுக்கல், வந்துவிடும்.

கேள்வி: ‘ஒரு போதை போய் இன்னொன்றா, எப்போது நிறுத்துவான்?’ என்று மெத்தடோன் குடிக்கும் என் நண்பனின் அம்மா தினம் கேட்கிறார். ஊர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் கூட்டிப்போகவும் பார்க்கிறார்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அந்த அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: சரியான டோஸில் இருப்பவனுக்குக் கிறக்கம் இருக்காது, ஊசி தேடி அலைய மாட்டான், வேலைக்குப் போவான். ஒரு வருடத்துக்குக் குறைந்து நிறுத்துவதில் பலன் இல்லை. நிறுத்தும்போதும் மாதக்கணக்கில் படிப்படியாகத்தான். சட்டென்று நிறுத்தியவன் மறுபடி பழைய அளவை ஏற்றினால், தாங்கும் சக்தி போயிருக்கும் உடம்பு அதிலேயே அடங்கிவிடும்.

ஊருக்குப் போவதை ஒரு வாரம் முன்பே மையத்தில் சொல்லுங்கள். அங்கே என்ன ஏற்பாடு முடியும் என்று பார்த்துத்தான் பயணத்தை முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் விட்டுப்போனால், நான்காம் நாள் பழைய டோஸை அப்படியே குடிக்கக் கூடாது. மருத்துவர் பார்த்துக் குறைத்துத்தான் தொடங்குவார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாட்டிலைப் பூட்டி வையுங்கள், மருந்து டம்ளரையும் கழுவிவிடுங்கள். பெரியவருக்குச் சிறிய அளவான 10 மி.கி. ஒரு குழந்தையின் உயிரை எடுத்துவிடும். சந்தேகம் வந்தால் தேசிய போதை மீட்பு உதவி எண் 14446.