ஒரு கதவு மட்டும் பூட்ட மறுக்கிறது: கார் கேள்வி பதில்

கேள்வி: ரிமோட்டை அழுத்தினால் மூன்று கதவுகள் பூட்டிக்கொள்கின்றன. பின்பக்க இடது கதவு மட்டும் அசையவில்லை. ஆக்சுவேட்டர் (லாக்கை நகர்த்தும் சிறு மோட்டார் பெட்டி) போய்விட்டது என்கிறார்கள். புதிது வாங்கும் முன் அதை எப்படி உறுதி செய்வது?

பதில்: நான்கு கதவுகளும் ஒன்றாக நின்றிருந்தால் ஃப்யூஸையும் கன்ட்ரோல் யூனிட்டையும் (லாக்குகளுக்கு ஆணை அனுப்பும் மின்னணுப் பெட்டி) பார்க்கச் சொல்லியிருப்போம். ஒரு கதவு மட்டும் என்பதால் பழுது வயரில், மோட்டாரில், அல்லது லாக்கின் இயந்திரப் பகுதியில் இருக்கிறது.

முதல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு வேறொருவரை ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் லாக் நகரவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது அல்லது லாக்கோடு இணைக்கும் கம்பியான ராடு கழன்றிருக்கிறது. மெல்ல முனகிவிட்டு நின்றால் மோட்டார் பலம் இழந்திருக்கலாம், லாக் இறுகியும் இருக்கலாம். லாக் குமிழைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். மற்ற கதவுகளைவிடக் கடினமாக இருந்தால் புதிய ஆக்சுவேட்டரும் சீக்கிரம் திணறும். முதலில் லாக்கைச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள்.

சத்தமே இல்லை என்றால் வயரைச் சந்தேகப்படுங்கள். கதவுக்கும் அது மாட்டியிருக்கும் கார் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் போகும் வயர்கள், கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடங்குகின்றன. மேலுறை முழுசாகத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கதவைப் பாதி திறந்தால் வேலை செய்து, மூடினால் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். குழாயின் ஒரு முனையைக் கழற்றி வயர்களை ஒவ்வொன்றாக மெதுவாக இழுங்கள். அறுந்த வயரின் உறை மட்டும் நீளும். அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றாதீர்கள். வளையக்கூடிய மெல்லிழை வயரைப் புதிதாகச் செருகி, இணைப்புகள் மடங்கும் பகுதிக்கு வெளியே வரும்படி செய்யுங்கள். சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும். அது மடங்கும் பகுதியில் இருந்தால் அதன் ஓரத்திலேயே வயர் மறுபடி அறும்.

கடைசியாக ஆக்சுவேட்டர் கனெக்டரில் மின்சாரம் பார்க்க வேண்டும். பூட்டும்போது ஒரு திசையிலும் திறக்கும்போது எதிர்த்திசையிலும் 12 வோல்ட் வரும், அதுவும் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. டிஜிட்டல் மீட்டர் அதைத் தவறவிடலாம். மோட்டாரின் இரண்டு வயர்களுக்கும் குறுக்கே 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றைப் பிடிப்பது நல்லது. ஓரிரு இழைகளில் தொங்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பை அதனால் பிரகாசமாக எரிக்க முடியாது. பூட்டும்போதும் திறக்கும்போதும் பல்பு நன்றாக மின்னினால் ஆக்சுவேட்டரை மாற்றத் தயாராகலாம்.

கேள்வி: நானே மாற்ற விரும்புகிறேன். எந்த வரிசையில் செய்வது?

பதில்: முதலில் சரியான பாகம். முன், பின், இடது, வலது எல்லாம் வேறு வேறு. பல கார்களில் ஆக்சுவேட்டர் தனியாக வராது, லாட்சோடு (கதவை மூடிய நிலையில் பிடிக்கும் கொக்கிப் பகுதி) சேர்ந்த ஒரே அசெம்பிளியாகத்தான் வரும். பழையதன் மேல் உள்ள பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கனெக்டரில் உள்ள பின்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருங்கள். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள் இருக்கிறது. வேலை முடியும் வரை இக்னிஷனை ஆன் செய்ய வேண்டாம்.

டோர் பேடின் (கதவின் உள்பக்க மூடுபலகை) ஸ்க்ரூக்கள் கைப்பிடிக் குழியிலும், உள் கைப்பிடிக்குப் பின்னாலும், சிறிய மூடிகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகே பிளாஸ்டிக் நெம்புகோலை கிளிப்புக்கு நெருக்கமாகக் கொடுத்து ஓரங்களை விடுவியுங்கள். பேட் வர மறுத்தால் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று பொருள். பலம் கொடுத்தால் பேட்தான் உடையும். விடுபட்டதும் பல கார்களில் அதை மேலே தூக்கி எடுக்க வேண்டும். பின்னால் சுவிட்ச் வயரும் கைப்பிடிக் கேபிளும் இருக்கின்றன, சட்டென்று இழுக்காதீர்கள்.

அடுத்து வரும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கீழுள்ள துளைகள் வழியே வெளியேறும். அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். ஒட்டியிருக்கும் கருப்புப் பசையைப் பிளேடால் அறுத்துப் பிரியுங்கள், திரும்ப முழுச் சுற்றும் அழுத்தி ஒட்டுங்கள். விட்டுப்போனால் தரைவிரிப்பு நனையும்.

லாட்ச், கதவின் விளிம்பில் பொதுவாக மூன்று ஸ்க்ரூக்களில் நிற்கிறது. பெரும்பாலும் டார்க்ஸ் எனும் நட்சத்திரக் குழித் தலை, பல கார்களில் டி30 அளவு. இறுகியிருந்தால் சரியான பிட்டை முழுக்க உள்ளே செலுத்தி ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். தலை மழுங்கினால் வேலை இரட்டிப்பு. ராடுகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைச் சுழற்றி விடுவித்த பிறகே ராடை எடுக்க வேண்டும். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ராடு எந்தத் துளையில் இருந்தது என்பது பிறகு நினைவில் நிற்காது. கண்ணாடி ஓடும் சட்டம் லாட்சை மறித்தால் அதன் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துங்கள்.

புதியதைப் பொருத்தியதும் கதவை மூடாதீர்கள். பேட்டரியை இணைத்து, திறந்த கதவிலேயே லாட்சின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் முழுதாகச் சுழற்றி, மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள். ரிமோட்டில் பூட்டித் திறந்து பாருங்கள். வெளிக் கைப்பிடி, உள் கைப்பிடி இரண்டும் தனித்தனியே கொக்கியை விடுவிக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு ராடு மாறியிருந்தால், மூடிய கதவு திறக்காது. அந்த நிலையில் லாட்ச் ஸ்க்ரூக்களைத் தொடவும் முடியாது.

கேள்வி: பூட்டியவுடனே எல்லாக் கதவுகளும் தாமாகத் திறந்துகொள்கின்றன.

பதில்: ஓட்டுநர் கதவு ஆக்சுவேட்டரைப் பாருங்கள். அதற்குள் மோட்டாரோடு நிலையைச் சொல்லும் சிறு சுவிட்சும் இருக்கும். லாக் முழுதாக நகராமல் பாதியில் நின்றால், அல்லது சுவிட்ச் பழுதானால், 'திறந்திருக்கிறது' என்ற தகவல் கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போய் எல்லாவற்றையும் திறந்துவிடும். கதவை மூடிய பிறகும் டேஷ்போர்டில் கதவு விளக்கு எரிந்தால், லாட்சில் உள்ள கதவு சுவிட்ச்தான் குற்றவாளி.

கேள்வி: தனியாக வாங்கிய இரண்டு வயர் ஆக்சுவேட்டரைப் போட்டேன். மற்றவை பூட்டும்போது இது திறக்கிறது. அதோடு பாதி தூரமே நகர்கிறது.

பதில்: முதல் குறைக்கு இரண்டு வயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தால் போதும். இரண்டாவது, பொருத்திய கோணத்தின் பிழை. ஆக்சுவேட்டரின் தண்டும் லாக் ராடும் ஒரே கோட்டில், ஒரே திசையில் நகர வேண்டும்; சாய்ந்தால் இழுவிசை உராய்விலேயே வீணாகும். லாக் 'பூட்டு' நிலையில் இருக்கும்போது தண்டையும் அதே பக்க முனையில் வைத்துவிட்டு இணைப்புத் திருகை முறுக்குங்கள். கண்ணாடியை இறக்கிப் பார்க்காமல், ஆக்சுவேட்டரை மாட்டத் தகட்டில் துளை போடாதீர்கள்.

கேள்வி: பின்கதவு மூடிய நிலையிலேயே மாட்டிக்கொண்டது. உள்ளிருந்தும் திறக்கவில்லை.

பதில்: குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள் கைப்பிடி வேலை செய்யாது. அதனால் வெளிக் கைப்பிடியை ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்தட்டும். அதே நேரத்தில் லாக் இருக்கும் இடத்தில் உள்ளங்கையால் தட்டுங்கள். பலம் குறைந்த மோட்டார் இப்படிச் சில முறை நகர்ந்துவிடும். தொடர்ந்து அழுத்தினால் சூட்டைத் தடுக்க சில கார்கள் சற்று நேரம் லாக்கை நிறுத்திவைக்கும், இடைவெளி விடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் டோர் பேடின் ஸ்க்ரூக்களை உள்ளிருந்து எடுத்து, கை நுழையும் அளவு பிரித்து, லாக் ராடைக் கையால் நகர்த்த வேண்டும். திறந்ததும் ஆக்சுவேட்டரை மாற்றும் வரை அந்தக் கனெக்டரைக் கழற்றி, கையால் பூட்டிப் பயன்படுத்துங்கள்.