தறிச் சத்தத்தைக் கேட்ட பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

போன சனிக்கிழமை மதுரை செல்லூரிலிருந்து ஒரு குடும்பம், மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்தது. அப்பா விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர் பிரிவு. பள்ளி விழாவுக்காக எட்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தாள், அன்றிலிருந்து டைரக்டர் ஆகணும் என்கிறாள். பெரியப்பாவோ கோயம்புத்தூர்ப் பக்கம் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். மேலூரில் கிடக்கும் ஒண்ணரை ஏக்கரை விற்றால் கட்டிவிடலாமாம். "ராத்திரி தூக்கமே இல்லை சார்" என்று அம்மா கண்கலங்கினார்.

முதலில் நானும் தேற்றத்தான் பார்த்தேன். நிலத்தை விற்கும் பேச்சு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அம்மா, அந்த நிலத்தை விற்காதீர்கள். மிச்சத்துக்குக் கல்விக்கடன் வாங்கலாம் என்கிறார் பெரியப்பா. பிள்ளை படிக்கும்போதே அதற்கு வட்டி ஏறத் தொடங்கிவிடும். மனசில்லாமல் உட்காரும் பிள்ளை இரண்டாம் வருடம் அரியரோடு திரும்பி வந்தால் நிலமும் இருக்காது, பட்டமும் இருக்காது. அப்படித் திரும்பியவர்களை இதே நாற்காலியில் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன்.

பிறகு மகளிடம் கேட்டேன். "படம் எடுத்ததில் என்னம்மா கத்துக்கிட்டே?"

கேமராவைப் பற்றி இரண்டு வரி. நடித்தவர்களைப் பற்றி ஒரு வரி. மீதி அரை மணி நேரமும் சத்தத்தைப் பற்றியேதான் பேசினாள். பாட்டி குழித்தறியில் உட்கார்ந்து பேசுகிற காட்சியைப் போனிலேயே எடுத்திருக்கிறார்கள். பாட்டி பேச்சை நிறுத்தும்போதெல்லாம் பின்னால் தறிச் சத்தம் ஏறும், பேசத் தொடங்கினால் அடங்கும். போன் தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிறது என்று இவளே கண்டுபிடித்தாள். இன்னொரு போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, பாட்டியின் முந்தானை மடிப்புக்குள் வைத்து, திரும்ப எடுத்தாள். ஷாட்டுக்கு ஷாட் தறிச் சத்தம் வெட்டு வெட்டாக மாறியது. அதற்காக யாரும் பேசாமல் தறி மட்டும் ஓடுவதை மூன்று நிமிடம் தனியாகப் பதிந்து, காட்சி முழுக்க அடியில் விரித்துவிட்டாள். தறியில் நூலோடு குறுக்கே பாயும் நாடாவின் சத்தம் தனியாக, மிதிக்கட்டை அமுங்குவது தனியாக. நாலு ராத்திரி தறிக்கொட்டகையிலேயே இருந்திருக்கிறாள். பாட்டி இறந்தபின் வரும் கடைசிக் காட்சியில் அந்தச் சத்தத்தைச் சட்டென்று நிறுத்தியிருக்கிறாள். கேட்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இந்தப் பிள்ளையின் மனசு ஒலியில் இருக்கிறது. சினிமா என்றால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்த வேலை டைரக்டர் ஒன்றுதான். அதனால்தான் அவளும் அந்தப் பெயரைச் சொல்கிறாள்.

சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவுக்கு எல்லோரும் முட்டி மோதுகிறார்கள். அதே இடத்தில் ஒலிப்பதிவுக்கும் நான்கு வருடப் பட்டப்படிப்பு உண்டு. இயற்பியலும் வேதியியலும் படித்த பிள்ளைக்குப் பொருந்தும். மைக்கை எங்கே பிடிப்பது, வசனத்தை எப்படிச் சுத்தம் செய்வது, காலடியையும் வளையல் சத்தத்தையும் ஸ்டூடியோவில் திரும்ப உண்டாக்குவது எப்படி, கடைசியில் வசனம், இசை, சூழல் ஒலி மூன்றையும் எப்படிக் கலப்பது என்று முழுக்கக் கைவேலைதான். அரசு நிறுவனம் என்பதால், பெரியப்பா பேசி வைத்த தொகையோடு ஒப்பிட்டால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை.

அங்கே இடம் கிடைக்காவிட்டால்? கோரிப்பாளையம் அமெரிக்கன் கல்லூரியோ சின்னச்சொக்கிக்குளம் லேடி டோக் கல்லூரியோ செல்லூருக்குப் பக்கம்தான். அரசு உதவிபெறும் பிரிவில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கட்டும். வீட்டுச் சாப்பாடு, பஸ் செலவு, அவ்வளவுதான். பட்டம் வாங்கியதும் புனே திரைப்பட நிறுவனத்துக்கும் கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்துக்கும் நுழைவுத்தேர்வு எழுதலாம். இரண்டு இடத்திலும் ஒலிக்கு மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. 2009-இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி இயற்பியல் படித்துவிட்டுப் புனே போனவர்தான்.

மூன்றே மாதத்தில் டைரக்டர் ஆக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் வகுப்பு எதிலும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

வருமானம் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடம் உதவியாளர் வேலைதான். மாதச் சம்பளம் போலச் சீராக வராது. ஆனால் டப்பிங், விளம்பரம், டிவி சீரியல், ஒலிப்புத்தகம் என்று எங்கே போனாலும் ஒலியைச் சரிசெய்ய ஆள் வேண்டும். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று பெரியப்பா கேட்டாராம். ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து ஒலியைக் கலக்கும் வேலையில் அவர் பயப்படுகிற வெளியூர் அலைச்சல் குறைவு என்று சொல்லுங்கள்.

இந்த வாரமே சீட்டுக்கு முன்பணம் கட்டவேண்டாம் என்று அவருக்குப் போன் போட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, அந்த எட்டு நிமிடத்தையும் போட்டுக் காட்டுங்கள். பாட்டி அவருக்கும் அம்மாதானே.